மணிக்கோபுரத்துக் கண்ணாடிகள்

என்னைக் கட்டடம் பார்க்கக் கூப்பிடுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குக் கட்டடத்தைப் பற்றிக் கவலை கிடையாது. அவர்களுக்கு வேண்டியது என் கையெழுத்து. இந்தக் கட்டடம் நிற்கும், விழாது என்று ஒரு தாளில் எழுதி, கீழே ‘பவானி, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், சிதம்பரம்’ என்று சீல் குத்திக் கொடுத்துவிட்டால் ஒரு காபி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவார்கள். இருபத்தெட்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. இப்போது ஐம்பத்து மூன்று வயதாகிறது. போன ஆடி மாதம் வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அதற்கு முன்பே மனசு மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

கடலூர் பழைய டவுனில் இருக்கும் அந்தக் கோயிலுக்கும் கையெழுத்துக்காகத்தான் போனேன். கோயில் என்றால் சர்ச். இங்கிலீஷ்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. அவர்கள் போன பிறகு ஊர்க் கிறிஸ்தவ சபையார் கைக்கு வந்தது. அந்தப் பக்கத்தில் ஷேர் ஆட்டோக்காரரிடம் மணிக்கோயில் என்று சொன்னால் போதும், கேட்டுக்கு எதிரே இறக்கிவிடுவார்.

ஜூன் மாத வெயில். சபைச் செயலாளர் இளவரசு கேட்டிலேயே நின்றிருந்தார். ரிட்டயரான தலைமை ஆசிரியர். யாரைப் பார்த்தாலும் ஏழாம் வகுப்பு மாணவனைப் பார்ப்பது போல்தான் பார்ப்பார்.

“சும்மா ஒரு கிராக்குதான் மேடம். டிசம்பர்ல பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சா தெரியவே தெரியாது. வருசா வருசம் அப்படித்தான் பண்றோம். இந்த வருசம் காரை கொஞ்சம் கொட்டிச்சி. அதுக்குப் போயி மேலிடத்துல லெட்டர் கேக்குறாங்க.”

மேலிடம் என்றால் சபையின் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம். நவம்பர் முடிவதற்குள் இன்ஜினியர் கடிதம் வர வேண்டும். விரிசல் வளராமல் இருந்தால் கோயில் திறந்திருக்கலாம். வளர்கிறது என்றால் பூட்டிவிட வேண்டும். இவ்வளவுதான் சங்கதி.

கோயிலைச் சுற்றி வந்தேன். எனக்குக் கட்டடங்கள் மீது இன்னும் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச ஆசை இப்படிச் சுற்றி வரும்போதுதான் தலை தூக்கும். கிழக்கிந்தியக் கம்பெனிக்கார இன்ஜினியர் யாரோ ஒருவன், தன் ஊரில் சின்ன வயதில் பார்த்த கோயிலை மனதில் வைத்துக்கொண்டு, நம் ஊர்ச் செங்கல்லாலும் கிளிஞ்சல் சுண்ணாம்பாலும் அதைக் கட்டியிருக்கிறான். மேற்கே சதுரமான மணிக்கோபுரம். அதை ஒட்டி ஜனங்கள் உட்காரும் நீளமான கூடம். கிழக்கே இரண்டு படி உயர்ந்து, போதகர் நின்று ஆராதனை நடத்தும் ஆல்டர். சுவருக்கு வெளியே வரிசையாக முட்டுச்சுவர்கள். பனி விழும் ஊருக்கு ஏற்ற ஒடுக்கமான, தலை கூரான ஜன்னல்கள். இந்த ஊரில் பனி விழாது, வேர்க்கத்தான் செய்யும் என்று புரிந்துகொள்ள அவனுக்கு ஒரு சித்திரை போதுமானதாக இருந்திருக்கும். பிறகு ஜன்னல்களுக்குக் கீழே காற்றுக்காகத் துளை போட்டிருக்கிறான். அந்த இடத்தில் மட்டும் செங்கல் நிறம் வேறு. கூரைக்கு வரும்போது தன் ஊரை முழுதாக மறந்துவிட்டான். தேக்கு உத்தரம் போட்டு, மேலே சன்னச் செங்கலைக் குத்துக்கு அடுக்கி, சுண்ணாம்பு போட்டு இடித்த நம் மெட்ராஸ் டெரஸ். தெற்குப் பக்கம் சின்ன வீடு மாதிரி ஒரு முகப்பு இருந்தது. அதற்குள் உடைந்த நாற்காலிகளும், கிறிஸ்மஸ் நட்சத்திரத்தின் மூங்கில் கூடும், பழைய ஜெனரேட்டரும் கிடந்தன.

“இது எதுக்கு சார்?” என்றேன்.

“அது சும்மா மேடம், குடோனு. ரோடு மேற்கால இருக்கிறதால நம்ம ஜனங்க கோபுரத்து அடியில பூந்துதான் வருவாங்க.”

ஆராதனைக்குப் போதகர் உடை மாற்றும் சிறிய அறையில் பழைய வரைபடம் ஒன்று கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதில் கோபுரத்தடியில் வாசலே இல்லை. தெற்கு முகப்புதான் வாசல். கோபுரம் மணிக்கு மட்டும். ரோடு வந்த பிறகு யாரோ கோபுரத்தின் மேற்குச் சுவரை உடைத்துக் கதவு வைத்திருக்கிறார்கள். சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் நாலரை மணி பஸ்ஸை விட்டால் சிதம்பரத்துக்கு நின்றுகொண்டுதான் போக வேண்டும். பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

விரிசல், கோபுரமும் கூடமும் சேரும் வளைவின் தலையில் இருந்தது. தரையிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில் தொடங்கி மேலே போனது. மணி இருக்கும் அறைக்கு ஏறும் மர ஏணி இற்றுப் போயிருந்தது. அடுத்த தடவை வேறு ஏணி போட்டு வைக்கிறேன் என்றார் இளவரசு. “மேல பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல மேடம். தானே புயல்ல பழைய மரச்சட்டம் போயிடுச்சி. அப்பவே இரும்பு கர்டர் போட்டு மணிய மாட்டிட்டோம். இன்னும் நூறு வருசத்துக்கு அசையாது.” சரி என்றேன். அந்த நூறு வருஷத்தை நான் அன்றைக்கே ஏறிப் பார்த்திருக்க வேண்டும்.

விரிசல் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ரொம்பப் பழைய வழி ஒன்று இருக்கிறது. விரல் அகலக் கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சுவரில் ஒட்டிவிட வேண்டும். சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். உடையாமல் இருந்தால் நிம்மதி. ஆறு துண்டு ஒட்டி, ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயின்டால் நம்பரும் தேதியும் போட்டேன்.

அலுமினிய ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே நின்றவர் ஆரோக்கியம்மாள். கோயிலைப் பெருக்கி, திறந்து பூட்டி, மணி அடிக்கிறவர். பிறந்த வீடு கத்தோலிக்கம், கட்டிக்கொடுத்தது இந்தச் சபையில். புருஷன்தான் முன்பு மணி அடித்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு இருபத்திரண்டு வருஷமாகக் கயிறு இந்த அம்மாள் கையில். அறுபத்தோரு வயதில் புஜம் இரண்டும் கொல்லருடையவை மாதிரி இருந்தன.

“இது எதுக்கு இன்ஜினியரம்மா ஒட்டுறீங்க?” என்று கேட்டார்.

எனக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கையெல்லாம் பிளாஸ்டர் பசை. மணி நாலைத் தாண்டிவிட்டது.

“சுவத்துக்குத்தாம்மா. யாரும் கை வைக்காம பாத்துக்குங்க. ரொம்ப முக்கியம்.”

“நான் பாத்துக்குறேன்” என்றார்.

நான் அந்த அம்மாளிடம் சொன்னது அவ்வளவுதான். இப்போது எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடச் சொன்னதாக ஞாபகமில்லை.

ஜூலையில் போனேன். ஆறும் அப்படியே இருந்தன. ஆகஸ்டில் முழங்கால் வீங்கியிருந்ததால் ஏணி வேண்டாம் என்று கீழே நின்றே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறும் இருந்தன. நம்பர், தேதி எல்லாம் சிவப்பாகத் தெரிந்தன. செப்டம்பர், அக்டோபரும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் ஆரோக்கியம்மாள் டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். “நல்லா இருக்குதுங்களா?” என்பார். நல்லா இருக்கு என்பேன். மகராசியாக இருங்கள் என்பது போல் கையைத் தூக்குவார். நான் கட்டடத்தைப் புகழ்ந்ததாக நினைத்துக்கொண்டேன். அவர் வேலையை நான் புகழ்வதாக அவர் நினைத்திருக்கிறார்.

நவம்பர் கடைசி வாரம் கடிதம் எழுதினேன். ஐந்தரை மாதக் கண்காணிப்பில் எந்த அசைவும் இல்லை, விரிசல் பழையது, வளரவில்லை என்று சீல் குத்தினேன். கோயில் பூட்டப்படவில்லை.

அடுத்த வாரமே ஆரோக்கியம்மாள் சிதம்பரத்துக்கு என் வீடு தேடி வந்துவிட்டார். தட்டில் ஆப்பிள், வெற்றிலை, அதன் மேல் கல்யாணப் பத்திரிகை. மகள் ஜான்சிக்குப் பொங்கல் முடிந்த சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை நெல்லிக்குப்பம், சர்க்கரை ஆலையில் வேலை.

“உங்க லெட்டருக்காவத்தான் தேதி வைக்காம இருந்தேன். கோயில பூட்டிட்டாங்கன்னா வேற எங்கனா மண்டபத்துலதான் வைக்கணும். எனக்கு அதுல இஷ்டமில்ல. ஊருல இருக்கிற புள்ளைங்க கல்யாணத்துக்கெல்லாம் நான்தான் மணி அடிச்சேன். எம் பொண்ணுக்கு அடிக்கணும். அதுக்குன்னுதான் இந்தக் கைய வச்சிருக்கேன்.”

அவர்கள் சபையில் மணிக்கு ஒரு முறை இருக்கிறது. சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்பது அடி. யாராவது இறந்தால் வயதுக்கு ஒரு அடி. கிறிஸ்மஸ், புது வருஷம், கல்யாணம் என்றால் கணக்கே கிடையாது. பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலைத் தாண்டியதிலிருந்து கார் ஏறும் வரை மணி நிற்கக் கூடாது. நின்றால் குறை என்பார்கள். ஃபோட்டோ பிடிக்கிறவர் இழுத்தடித்தால் அரை மணி நேரம் கூடப் போகும் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பொங்கல் முடிந்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, கடலூர் கோர்ட்டில் எனக்கு ஒரு சாட்சி வேலை இருந்தது. வாய்தா போட்டுவிட்டார்கள். மதியம் சும்மா இருந்தது. மணிக்கோயிலுக்குப் போய்ப் பெண்ணுக்கு வாங்கிய புடவையை முன்கூட்டியே கொடுத்துவிடலாம் என்று போனேன். பழக்க தோஷத்தில் கூடத்துக்குள் நுழைந்து மேலே பார்த்தேன்.

ஆரோக்கியம்மாள் ஏணி மேல் நின்றிருந்தார். இடது கையில் கொட்டாங்கச்சி, அதில் குழைத்த வெள்ளை சிமென்ட். வாயில் ஒரு கண்ணாடித் துண்டைக் கவ்விக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது.

கண்ணாடியைச் சுவரில் பதித்துவிட்டு, கட்டை விரலால் சிமென்டை வழித்துவிட்டு, இடுப்பிலிருந்து சிவப்பு நகப்பூச்சு பாட்டிலை எடுத்து என் நம்பரை எழுதினார். நான்கு. அதன் கீழே ஜூன் மாதத்து என் தேதி. என் கையெழுத்தைப் போலவே இருந்தது. அதன் பிறகுதான் குனிந்து என்னைப் பார்த்தார். கொஞ்சமும் திருட்டு முழி இல்லை.

“வந்துட்டீங்களா. இதோ எறங்கிட்டேன். நேத்து ஒண்ணு ஒடஞ்சிப்போச்சி. கல்யாணத்துக்குள்ள கட்டி வச்சிடலாம்னு.”

“எத்தன தடவ இப்படி மாத்தியிருக்கீங்க?”

“எத்தினி ஒடஞ்சிதோ அத்தினி. நீங்கதான பாத்துக்கச் சொன்னீங்க? படத்துக்குக் கண்ணாடி போடுற கடையில துண்டு கெடைக்கும். ஒரு நாளும் செவுத்த அப்படியே வுட்டதில்ல. அது புடிச்சிக்கினு இருக்கிறதாலதான கோபுரம் நிக்குது?”

நான் கத்தினேன். அதை மறைக்க வேண்டியதில்லை. கோயிலில் நின்றுகொண்டு, என்னைவிட எட்டு வயது மூத்த ஒரு பெண்பிள்ளையை, அறிவிருக்கா என்று கேட்டேன். கண்ணாடி சுவரைப் பிடிக்காது, சுவர் அசைகிறதா என்று காட்டத்தான் அதை ஒட்டினேன், அது உடைவதுதான் அதன் வேலை என்று கத்தினேன். ஆரோக்கியம்மாள் ஏணியின் கடைசிப் படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கொட்டாங்கச்சியில் சிமென்ட் இறுகிக்கொண்டிருந்தது.

“இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னார்.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் வேலையை நான் செய்யவில்லை. ஏறிப் பார்க்கவில்லை, கேட்டவருக்குச் சொல்லவில்லை. செய்த ஒரே காரியம் சீல் குத்தியது. வெட்கமாக இருந்தது, அழுகை கூட வந்தது.

“ஒடஞ்சதெல்லாம் என்ன பண்ணீங்க?”

“வச்சிருக்கேன். கோயில் பொருள குப்பையில போடக் கூடாதில்ல.”

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதில் பத்தொன்பது பொட்டலம். பழைய ஆராதனைத் தாளில் மடித்து, ஒவ்வொன்றின் மேலும் எந்த நம்பர், எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதியிருந்தது. நான் மாதத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் பார்த்த சுவரை அந்த அம்மாள் தினமும் பார்த்திருக்கிறார்.

பொட்டலங்களை பெஞ்சு மேல் தேதி வாரியாகப் பரப்பினேன். முதல் இரண்டும் ஆகஸ்ட் ஐந்தாம் தேதி.

“அன்னைக்கு மழையா?”

“மழ இல்ல. போஸ்ட்மாஸ்டர் தாத்தா அடக்கம். தொண்ணூத்தியொரு வயசு. எனக்குத் தோள் கழண்டுபோச்சி.”

“செப்டம்பர் பதினேழு?”

“பொன்னுரங்கம் வூட்டுக் கல்யாணம்.”

அக்டோபரில் ஒரு டீச்சர், எண்பத்தெட்டு. நவம்பரில் இரண்டு கல்யாணம். கிறிஸ்மஸுக்கு மூன்று கண்ணாடி, புது வருஷத்துக்கு நான்கு. நேற்று உடைந்தது தங்கம்மாள் என்கிறவருக்காக, எழுபத்தொன்பது. வெறும் ஒன்பது அடி அடித்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று கூட அந்த டின்னில் இல்லை. சொல்லிக்கொண்டே வந்த ஆரோக்கியம்மாளின் குரல் பாதியில் இறங்கிவிட்டது. நான் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“நான் அடிக்கிறதாலயா?” என்றார்.

மேலே ஏறினேன். புது ஏணி ஆகஸ்டிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. முழங்கால் ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டியது. மணி அறையில் இரண்டு இரும்பு கர்டர்கள், சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, இரண்டு முனையும் கான்கிரீட் போட்டுச் சுவருக்குள் புதைத்திருந்தன. உபயம் செய்த குடும்பத்தின் பெயர் சிவப்பில் பெரிதாக எழுதியிருந்தது. கர்டர் முனையில் செங்கல் மாவாகி, கீழே குவிந்திருந்தது. விரலால் தொட்டால் உதிர்ந்தது.

அதற்கு நாலு அடி கீழே, நான்கு மூலையிலும் சுவரிலிருந்து கல் தாங்கிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் இப்போது எதுவும் இல்லை. கீழே மாட்டியிருந்த வரைபடத்தில் மணியைச் சுற்றி வரைந்திருந்த சட்டம் ஞாபகம் வந்தது. கம்பெனிக்காரன் மணியைச் சுவரோடு சேர்க்கவே இல்லை. அந்தத் தாங்கிகள் மேல் மரச்சட்டத்தை உட்கார வைத்து, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் சுற்றிலும் ஒரு கை நுழையும் இடம் விட்டிருக்கிறான். மணி ஆடினால் சட்டம் ஆடும், சுவருக்குத் தெரியாது. நாம் நூறு வருஷத்துக்கு அசையக் கூடாது என்று இரும்பைச் சுவரில் பூட்டிவிட்டோம். அன்றிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் சுவர் அசைந்துகொண்டிருக்கிறது. டிசம்பருக்கு டிசம்பர் பட்டி பார்த்து மறைத்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை.

இறங்கியதும் இளவரசுக்கு ஃபோன் செய்தேன். பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டியில் வந்துவிட்டார். கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன்.

“இன்னும் ரெண்டு நாளு மேடம். சனிக்கிழமை முடியட்டும். திங்கக்கிழமை நானே பூட்டி சாவிய உங்க கையில தர்றேன். நானூறு பத்திரிக வச்சாச்சி.”

“சனிக்கிழமைதான் சார் பயம். அரை மணி நேரம் மணி அடிச்சா, அந்த வளைவுக்குக் கீழதான் அத்தனை பேரும் நிப்பாங்க.”

“நீங்கதான மேடம் அசைவு இல்லன்னு எழுதிக் குடுத்தீங்க?”

“நான் எழுதுனது தப்பு. அதையும் எழுதித் தர்றேன்.”

பெஞ்சிலேயே உட்கார்ந்து கையால் எழுதினேன். முந்தைய கடிதம் தவறு, பொறுப்பு என்னுடையது. கோபுரத்துக்குள்ளும் அதன் வாசலிலும் யாரும் போகக் கூடாது. பழுது பார்க்கும் வரை மணி அடிக்கக் கூடாது. இந்த இடத்தில் பேனாவை நிறுத்தினேன். ஆரோக்கியம்மாள் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கல்யாணம் மண்டபத்துக்குப் போய்விட்டது என்று முடிவு செய்துவிட்ட முகம்.

கூடம் கெட்டியாகத்தான் இருந்தது. முட்டுச்சுவர்கள் அதை நன்றாகப் பிடித்திருந்தன. மணி ஆடாதவரை கோபுரமும் இரண்டு நாளில் எங்கும் போய்விடாது. வெளியே போய் தெற்கு முகப்பைப் பார்த்தேன். உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் கதவு தெரிந்தது.

“சார், இந்தக் குடோன காலி பண்ண எத்தன பேர் கெடைப்பாங்க?”

கடிதத்தில் இன்னொரு வரி சேர்த்தேன். சனிக்கிழமை ஒரு நாள் மட்டும், தெற்கு வாசல் வழியாக, மேற்குக் கோடியில் ஆறு வரிசை பெஞ்சைக் காலியாக விட்டு, கூடத்தைப் பயன்படுத்தலாம். மறுபடி சொல்கிறேன், மணி கூடாது. இளவரசு இரண்டு தடவை படித்தார். “மாப்ள வூட்டுக்காரங்க கேப்பாங்களே மேடம், மணி இல்லாம எப்படின்னு? ஒரு ரெண்டு நிமிசம் மட்டும்...”

“வேணாம் சார்” என்றார் ஆரோக்கியம்மாள். “நான் அடிக்க மாட்டேன். வேற யாரையும் அடிக்கவும் வுட மாட்டேன்.”

சனிக்கிழமை காலை எட்டரைக்கே போய்விட்டேன். தெற்கு முகப்பைக் கழுவிவிட்டு, இரண்டு பக்கமும் வாழை கட்டி, சீரியல் பல்பு போட்டிருந்தார்கள். கட்டியவன் நினைத்தபடி ஜனங்கள் அந்த வாசலில் நுழைந்து எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ. ஆரோக்கியம்மாள் பட்டுப் புடவையில், ஜவுளிக்கடைப் பை ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பைக்குள் மணிக் கயிறு, சுருட்டி வைத்திருந்தது. விடியற்காலையிலேயே ஏறி அவிழ்த்திருக்கிறார்.

“இது உங்ககிட்ட இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது.”

காலியாக விட்ட ஆறு வரிசைக்கு முந்திய பெஞ்சில் உட்கார்ந்தேன். விழுந்தால் முதலில் என் தலையில் விழட்டும் என்றுதான். கயிறு காலடியில் இருந்தது. ஜான்சி நன்றாக இருந்தாள். மாப்பிள்ளை வாக்குறுதி சொல்லும்போது இரண்டு இடத்தில் தடுமாறினான். கூடம் முழுக்கச் சிரித்தது. நான் பாதி நேரம் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு கண்ணாடியும் உடையாமல் இருந்தன.

எல்லாம் முடிந்து இருவரும் தெற்கு வாசலைத் தாண்டினார்கள். வெளியே நின்ற ஜனங்கள் பழக்கத்தில் அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ரோட்டில் போன பஸ் ஹாரன்தான் கேட்டது. நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவர், மணி என்னாச்சி என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். ஆரோக்கியம்மாள் வாசல்படியில் நின்றிருந்தார். மகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் இரண்டு கையும் வயிற்றுக்கு நேராக ஒன்றன்மேல் ஒன்றாக முஷ்டி பிடித்து, கொஞ்சம் இறங்கின, கொஞ்சம் ஏறின. மறுபடி இறங்கின. கார் கதவு சாத்தும் வரை அது நிற்கவில்லை. என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை பூட்டுவதற்கு முன், பழைய கண்ணாடிகளைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஆறு ஒட்டினேன். இந்தத் தடவை நானே ஏறினேன். ஆரோக்கியம்மாள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் இது எதற்கு, உடைந்தால் என்ன அர்த்தம், உடைந்தால் யாருக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்று சொன்னேன். ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன்.

“புரிஞ்சிது புரிஞ்சிது” என்றார். பிறகு கேட்டார், “இத சரி பண்ண எத்தினி நாளாவும்?”

கர்டரை வெட்டி எடுக்க வேண்டும். சுவரின் விரிசலைச் சுண்ணாம்பாலேயே தைத்து இணைக்க வேண்டும். அந்தத் தாங்கிகள் மேல் பழையபடி மரச்சட்டம் உட்கார வேண்டும். அதற்கு முன் கமிட்டி கூட வேண்டும், மேலிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். இருபத்தெட்டு வருஷத்தில் நான் பார்த்த கமிட்டிகளை நினைத்துக்கொண்டேன்.

“தெரியலம்மா. ரெண்டு வருஷம் ஆவலாம். அஞ்சும் ஆவலாம்.”

ஆரோக்கியம்மாள் ஏணியை விடாமல் அண்ணாந்து வளைவைப் பார்த்தார்.

“பொண்ணுக்குத்தான் அடிக்கல. நான் செத்தா எனக்காவது அடிச்சிடுங்க. இப்ப எனக்கு அறுவத்தியொண்ணு. நீங்க நாள் தள்ளத் தள்ள அடி ஜாஸ்தியாவும், செவுரு தாங்காது. சீக்கிரம் பண்ணுங்க இன்ஜினியரம்மா.”

ஆறாவது கண்ணாடியில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.